பரிசோதனை நாளுக்கும் சம்பளம் வேண்டும்

விடியுமுன் பெரட்டில் நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழையும் நம் தாய்மார்கள், மங்குப் பாலைச் சேர்த்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும்பொழுது உச்சி வேளையாகி விடுகிறது. சர்க்கார் கிளினிக்கிலோ காலையிலேயே போய் நம்பர் எடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் செய்ய எவராலும் ஆகாது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைப் பற்றிப் பேசப் புகுமுன் இதைச் சொல்லியாக வேண்டும். ஏனெனில், தோட்டத்துப் பெண்களுக்கு விழிப்பில்லை என்று மேடையேறிக் குறை கூறுவோர் இதைச் சொல்வதில்லை.

இந்நோய் ஓரிரவில் வருவதன்று. எச்.பி.வி. என்னும் கிருமியே இதற்குக் காரணமெனக் கண்டறிந்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. உடலுறவின் வழியே பரவும் இக்கிருமி பெரும்பாலோரிடம் தானே மறைந்துவிடும். சிலரிடம் மட்டும் தங்கி, பொதுவாக 15, 20 ஆண்டுகளில் புற்றாக மாறுகிறது. அத்தனை காலம் அவகாசம் இருக்கிறது! அதற்குள் சோதித்துக் கண்டுபிடித்தால் கெட்டுவரும் பகுதியை மட்டும் அகற்றி நோயைத் தடுத்துவிடலாம். ஆனால் அந்த ஆண்டுகளில் வலி இராது, காய்ச்சல் இராது. மாதவிலக்கு நின்றவர்களுக்கு மீண்டும் இரத்தம் காணுதல், உறவுக்குப் பின் இரத்தம், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் ஆகியவை கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

கிருமி கணவனிடமிருந்தும் வருவதே. நோய் கண்டவளின் நடத்தையைப் பேசும் லயத்து வாய்களுக்கு இதையும் சொல்லி வைக்கிறோம்.

நம் நாட்டில் பாப் ஸ்மியர் சோதனை 1969-இலேயே தொடங்கிவிட்டது. டாக்டர் முன் படுக்கக் கூசும் சகோதரிகளுக்கு இப்பொழுது வேறு வழியும் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தார் 2018-இல் தொடங்கிய 'ரோஸ்' திட்டத்தில், பஞ்சுக் குச்சியைக் கொண்டு பெண் தானே மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். சில நிமிட வேலைதான். 13 வயதுப் பெண்களுக்கு 2010-இல் தொடங்கி இடைநிலைப் பள்ளியில் இலவசத் தடுப்பூசித் திட்டமும் நடந்துவருகிறது. பெற்றோர் கையெழுத்திட வேண்டிய அனுமதிப் பாரம் மலாயில் இருக்கிறதென்று பையிலேயே கிடக்க விடாதீர்கள். கிராணியிடமோ சங்கப் பிரதிநிதியிடமோ கொண்டு வாருங்கள், படித்துச் சொல்கிறோம். தமிழ்ப் பள்ளியோடு படிப்பு நின்றுபோன பெண்ணுக்குப் பள்ளியில் ஊசி கிடைக்காது. அவளைப் பற்றிக் கிளினிக்கில் கேட்பது பெற்றோர் கடமை.

இனி கூலி விஷயத்துக்கு வருவோம். நோயென்று டாக்டர் சான்று கொடுத்தால் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 1955-ஆம் ஆண்டின் தொழிற் சட்டம் அப்படிச் சொல்கிறது. நோய் வருமுன் காத்துக்கொள்ளப் போகிறவளுக்கு என்ன கிடைக்கிறது? வந்துபோன நேரத்தைக் குறித்த ஒரு துண்டுச் சீட்டு. செக்ரோல் எழுதுகிற கை நம்முடையது. அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு பேர் போட முடியாமல் கோடு இழுக்கிறபொழுது, அவள் இனி இந்தப் பக்கம் போகமாட்டாள் என்று நமக்குத் தெரிகிறது. நிர்வாகத்தாருக்கும் தெரியும்.

நாம் கேட்பது பெரிதன்று. 30 வயது கடந்த ஒவ்வொரு பெண் தொழிலாளிக்கும் சோதனைக்காகச் சம்பளத்துடன் ஒரு நாள். ஆஸ்பத்திரி தூரமான தோட்டங்களுக்கு லாரியோ வேனோ. அல்லது நர்சுகளைத் தோட்டத்துக்கே வரவழைத்து, பால் நிறுத்த பிற்பகலில் மண்டபத்தைத் திறந்து விடட்டும். கேட்டால் கிடைக்காது என்பார்க்கு ஒன்று: 60 நாளாக இருந்த பிரசவ விடுப்பு 2023 ஜனவரி 1 முதல் 98 நாளாகியிருக்கிறது. அதுவும் ஆண்டுக்கணக்கில் கேட்டுக் கேட்டு வந்ததே.

அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக்கி, தாய்மார்களில் ஒருவரையே முன்மொழியச் செய்து அனுப்பி வைக்குமாறு கிளைச் செயலாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.