வேரோடு போகும் செல்வம்

சிப்பூர்த் தாவரவியல் பூங்காவைக் காணாத தமிழ்க் குடும்பம் ஹவுராவில் அரிது. 1787-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அப்பூங்காவில் பேராலமரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டி மகிழ்ந்து திரும்புகிறோம். இத்திங்கள், முழங்கால் உயரமே வளரும் ஓர் எளிய செடியைப் பற்றிச் சில சொல்ல விழைகிறோம். அதன் பெயர் சர்ப்பகந்தி.

பித்துப் பிடித்தவர்க்கு அதன் வேரைக் கொடுப்பது வடநாட்டாரின் பழைய வழக்கம். அவ்வேர் இரத்த அழுத்தத்தையும் தணிக்கும் என்று 1931-இல் கல்கத்தாவில் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் எழுதி வெளியிட்டனர். 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் இங்கிலாந்து மருத்துவ இதழொன்றில் அதனை விளக்கினார். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் அதிலிருந்து ரெசெர்பின் என்னும் மருந்தைப் பிரித்தெடுத்தனர். உலகம் நன்மை பெற்றது. செடிக்கோ கேடு தொடங்கிற்று.

இலையைப் பறித்தால் மீண்டும் தளிர்க்கும். வேரைப் பறித்தால் செடியே இல்லை. பயிரிட்டாலும் வேர் முற்ற ஒன்றரை ஆண்டுக்கு மேலாகும். காட்டில் தோண்டும் ஏழை அதுவரை காத்திருப்பானா? அவனைக் குறை கூறிப் பயனில்லை. வாங்குவோர் உள்ளவரை தோண்டுவோரும் உண்டு. அதனால் காடுகளில் சர்ப்பகந்தி அருகிப் போயிற்று. அதன் அயல்நாட்டு வாணிபம் 1990 முதல் உலக உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது.

இப்பொழுது 'இயற்கை மருந்து' என்ற பெயரில் பலவகை வேர்களும் மாத்திரையாகவும் பொடியாகவும் நம் இல்லங்களுக்கு வருகின்றன. அயலார் கூறினார் என்று வாங்கி உண்போர் நம்மிடையே பலர். இயற்கையானது எல்லாம் தீங்கற்றதன்று. சர்ப்பகந்தி மனச்சோர்வை உண்டாக்கக் கூடும். இரத்த அழுத்தத்தை அளவுக்கு மீறித் தாழ்த்தவும் கூடும். மருத்துவர் சொல்லாமல் அதனைத் தொடலாகாது.

வழி இல்லாமலில்லை. உடல் இளைக்கவென்று அயல்நாட்டார் விரும்பி வாங்கும் மருந்துக்கூர்க்கன் கிழங்கை நம் சேலம், ஆத்தூர்ப் பக்கத்து உழவர்கள் வயலிலேயே விளைவிக்கின்றனர். காட்டுக்கும் நலம், உழவர்க்கும் வருவாய்.

ஆகவே அன்பர்களே, தேவையற்ற புட்டியை வாங்காதீர்கள். தேவையெனில், காட்டு வேரா, வயலில் விளைந்ததா என்று கடைக்காரரைக் கேளுங்கள். துளசியையும் தூதுவளையையும் மாடத்துத் தொட்டியில் வளருங்கள். சிப்பூர் ஆலுக்கு வேலி உண்டு. காட்டுச் செடிக்கு நம் மனக்கட்டுப்பாடே வேலி.