கைத்துப்பாக்கி: காவலனா, காலனா?

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே முதன்முதலாகக் கைத்துப்பாக்கி வாங்க வருபவனுக்கு வணிகர் வழங்கும் அறிவுரைகள் பல. கைக்கு அடங்கியதைத் தேர்ந்துகொள். எத்துப்பாக்கியிலும் ரவை உண்டென்றே கருது. சுடத் துணியும்வரை விசையில் விரல் வையாதே. நல்ல விதிகள்தாம், துப்பாக்கி வைத்திருப்போர் கடைப்பிடித்தே ஆகவேண்டும். ரவைக்கூட்டைக் கழற்றிய பின்னும் குழலுள் ஒரு ரவை எஞ்சியிருக்கலாம் என்பதை மறந்து மாண்டவர் உளர்.

ஆனால், இவ்விதிகளே அவ்வணிகத்தின் பொய்யை அம்பலப்படுத்துகின்றன. ரவையை அகற்றிப் பூட்டிவை என்கிறது விதி. கள்வன் புகுந்ததும் கணத்தில் எடு என்கிறது விளம்பரம். பூட்டினால் தற்காப்பு எங்கே? பூட்டாவிடிற் குழந்தைக்குக் காப்பு எங்கே? விரைவிலே திறக்கும் பெட்டி உண்டே என்பர். அப்பெட்டி குழந்தையைத் தடுக்கும். வாழ்வை வெறுத்த உரிமையாளனைத் தடுக்குமா? 2021 இல் அந்நாட்டில் துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர். அவருள் 26,328 பேர் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள்!

இச்சாவுகளுக்கு ஆலை முதலாளி பொறுப்பாளி அல்லனாம். 1972 ஆம் ஆண்டின் நுகர்பொருட் பாதுகாப்புச் சட்டம் விளையாட்டுப் பொருளை உள்ளடக்கியது, துப்பாக்கியை விலக்கியது. 2005 ஆம் ஆண்டின் சட்டமோ, துப்பாக்கியைப் பிறர் குற்றத்துக்குப் பயன்படுத்தியதற்காகத் தொடுக்கப்படும் பெரும்பாலான வழக்குகளிலிருந்து உற்பத்தியாளரையும் விற்பனையாளரையும் காத்தது. இலாபம் அவர்களுக்கு, எச்சரிக்கையும் பழியும் வாங்கியவனுக்கு.

தனித்தனி மனிதரின் அச்சத்தைக் காசாக்குவோரிடம் பாதுகாப்பை விலைக்கு வாங்க இயலாது. வேலையும் வைத்தியமும் நீதியும் எல்லோருக்கும் கிட்டும் சமுதாயத்தைப் போராடிச் சமைத்தல் வேண்டும். அதுவே மக்களின் உண்மைத் தற்காப்பு.