கட்டிக்குப் போகும் ரத்தத்தை நிறுத்தினால் மார்பகப் புற்று குணமாகுமா?

கெங்கவல்லி பக்கம் மரவள்ளிக் காட்டுக்குச் சொட்டுநீர் போட்டவர்களுக்கு இந்த ஐடியா உடனே பிடிபடும். களைக்குப் போகிற தண்ணீரை மட்டும் அடைத்துவிட்டால் களை வாடிடும்தானே? புற்றுநோய்க் கட்டியையும் அதே மாதிரி வாட வைக்கலாம் என்று 1971-ல் சொன்னவர் பாஸ்டன் அறுவை சிகிச்சை நிபுணர் ஜூடா ஃபோக்மேன்.

ஓரிரு மில்லிமீட்டரைத் தாண்டி வளரக் கட்டிக்குப் புது ரத்தக் குழாய்கள் வேண்டும். அதற்காக வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரக்கும். பக்கத்திலுள்ள ரத்தக் குழாய்கள் அந்த சிக்னல் கிடைத்ததும் கட்டியை நோக்கிக் கிளைவிடும். அந்தப் புரதத்தைப் பிடித்து மடக்குகிற மருந்துதான் பெவாசிஸுமாப். ‘அவாஸ்டின்’ என்ற பெயரில் 2004-ல் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுக்கு முதல் அனுமதி வாங்கியது.

மார்பகப் புற்றில் என்ன ஆச்சு?

உடலின் பிற இடங்களுக்கும் பரவிவிட்ட மார்பகப் புற்றில் இதைச் சோதித்தார்கள். பாக்லிடாக்செல் கீமோ மட்டும் எடுத்தவர்களுக்கு நோய் மேலும் முற்றாமல் இருந்த காலம் சராசரியாக 5.9 மாதம். அவாஸ்டினும் சேர்த்தவர்களுக்கு 11.8 மாதம். இரண்டு மடங்கு! இதை நம்பி 2008 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. துரித அனுமதி கொடுத்தது. துரிதம் என்றால், மேற்கொண்டு ஆய்வு செய்து நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

அங்கேதான் சறுக்கல். அடுத்து வந்த ஆய்வுகளில் அந்த இடைவெளி சுருங்கிப் போச்சு. அதைவிட முக்கியம், நோயாளிகள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்று எந்த ஆய்வும் காட்டவில்லை. ஒரு சிக்னலை அடைத்தால் கட்டி வேறு சிக்னல் வழியாக ரத்தத்தை இழுத்துக்கொள்வது இதற்கு ஒரு காரணம். கடுமையான ரத்த அழுத்தம், ரத்தக்கசிவு, இதயப் பாதிப்பு, அரிதாகக் குடலில் ஓட்டை என்று பக்கவிளைவுகளும் சாதாரணமானவை இல்லை. செலவோ அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 88,000 டாலர்.

2011 ஜூனில் நடந்த விசாரணையில், ‘இந்த மருந்தால்தான் உயிரோடு இருக்கேன், நிறுத்திடாதீங்க’ என்று பெண்கள் நேரில் வந்து மன்றாடினார்கள். அவர்களைப் பொய் சொல்கிறவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால், மருந்து இல்லாமலும் அவர்கள் இருந்திருப்பார்களா என்பதைத் தனி ஒருவரின் அனுபவத்தை வைத்துச் சொல்லவும் முடியாது. அந்த ஆண்டு நவம்பர் 18 அன்று எஃப்.டி.ஏ. ஆணையர் மார்கரெட் ஹாம்பர்க் மார்பகப் புற்றுக்கான அனுமதியை ரத்து செய்தார். ஐரோப்பாவோ பாக்லிடாக்செலோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்று விட்டுவைத்தது.

நம்ம ஊருக்கு இதில் என்ன?

2017-ல் பெங்களூருவின் பயோகான் ‘கிராபேவா’ என்ற பெயரில் இதே மருந்தை இந்தியாவில் இறக்கியது. குடல், நுரையீரல், கருப்பை வாய் என அது அறிவித்த பட்டியலில் மார்பகம் இல்லை. அந்த மற்ற புற்றுகளில் இந்த மருந்துக்கு இன்றும் இடம் உண்டு.

ஆத்தூரைத் தாண்டி சேலத்துக்கோ, சென்னை அடையாறுக்கோ சிகிச்சைக்குப் போகிறவர்கள், விலை கூடிய ஊசி எதையாவது எழுதிக்கொடுத்தால் டாக்டரிடம் இதைக் கேட்கலாம்: “இதனால கட்டி வளர்றது தள்ளிப்போகுமா, இல்ல அம்மாவோட ஆயுசும் கூடுமா?” இரண்டும் ஒன்றில்லை. நகையை அடகு வைப்பதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. ஏற்கெனவே இந்த மருந்து போய்க்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.