காய்ச்சலும் பாய்ச்சலும் நெஞ்சுக்கும் உண்டு

பொங்கலுக்கு ஊருக்கு வர்ற நகரத்துச் சொந்தங்க தவறாம ஒரு வசனம் சொல்வாங்க. "உங்களுக்கென்னப்பா, ஜிம்மே வேண்டாம், காட்டு வேலையே உடற்பயிற்சிதானே!" வாட்ஸ்அப்பிலும் இது மாசம் ஒருமுறை சுத்தி வருது. ஏர் ஓட்டினவனுக்கெல்லாம் பாறை மாதிரி நெஞ்சு இருந்ததாம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா உண்மை இல்லை.

எங்க ஊர்ல நாள் முழுக்க உழைக்கிற ஆளுங்களைச் சட்டையில்லாம பாருங்க. முன்கை முறுக்கேறி இருக்கும், முதுகு பலகை மாதிரி இருக்கும், கெண்டைக்கால் இறுகி இருக்கும். நெஞ்சு மட்டும் பெரும்பாலும் தட்டை. மார்புத் தசையோட வேலை தள்ளுறது. விரிஞ்ச கையை உடம்புக்கு முன்னால கொண்டுவந்து சேக்கிறது. எங்க வேலையில இழுக்கிறதும் குனியறதும் சுமக்கிறதும்தான் அதிகம். மண்வெட்டி பிடிக்கிறது, கிணத்துல தண்ணி சேந்துறது எல்லாம் இழுக்கிற வேலை. நடவும் களையும் இடுப்பு வேலை. மூட்டைக்குக் காலும் முதுகும் வேணும். நெல்லைப் பக்கம் பொங்கலுக்குத் தூக்குற இளவட்டக்கல்லும் பெரும்பாலும் தொடை, இடுப்பு, முதுகு பலம்தான். தள்ளுற வேலைன்னு பாத்தா, ஒற்றை நாற்று நடவுல கோனோ வீடர் உருட்டுறதைச் சொல்லலாம். அதுவும் லேசான சுமையை ஆயிரம் தடவை தள்ளுற சமாச்சாரம். அதுல தம் கூடும், சதை ஏறாது.

அதனால எங்க ஊர்ப் பசங்க பக்கத்து டவுன் ஜிம்முக்குப் போறதை நான் கேலி பண்ண மாட்டேன். வயசுப் பையனுக்கு நெஞ்சு அகலமா இருக்கணும்னு ஆசை வர்றது இயல்பு. என் கவலை வேற. என் அக்கா மகனுக்கு 19 வயசு. சேந்த முதல் வாரமே அவன் கையில ஒரு பவுடர் டப்பாவைக் குடுத்துட்டாங்க. ரெண்டாம் மாசம் ஊசிப் பேச்சு வந்துடுச்சு. "மாமா, எல்லாரும் போடறாங்க"ன்னான். இந்த இடத்துலதான் நாம வாயைத் திறக்கணும்.

முதல்ல பயிற்சி. புதுசா ஆரம்பிக்கிறவனுக்குத் தண்டால் போதும். தரையில தண்டால் எடுக்கும்போது நம்ம எடையில மூணுல ரெண்டு பங்கு சுமார் கைக்கு வந்துடும். 60 கிலோ ஆளுக்கு அது 40 கிலோ. முதல் நாளே அது முடியாதுன்னா சுவத்துல கை வெச்சுத் தள்ளுங்க, அப்புறம் திண்ணை, அப்புறம் தரை. கை தோளைவிடக் கொஞ்சம் அகலமா இருக்கட்டும். முழங்கை ரெண்டு பக்கமும் றெக்கை மாதிரி விரியாம 45 டிகிரியில நிக்கட்டும். இடுப்பு தொங்கக் கூடாது. 15 தடவை வீதம் மூணு சுத்து சுலபமா வந்தா, உயரத்தைக் குறைங்க. தரையிலயும் அது வந்துட்டா டம்பெல், பெஞ்ச் பிரஸ்னு போகலாம். பெஞ்ச் பிரஸ்ஸுக்கு வெறும் கம்பியே 20 கிலோ. அதுலேருந்து ரெண்டரை கிலோ வீதம் ஏத்துங்க. பக்கத்துல ஆள் இல்லாம கம்பிக்கு அடியில படுக்காதீங்க.

அடுத்தது ஓய்வு. நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும்னு சொல்வோம். தண்ணி வடிஞ்சு மண்ணு லேசா வெடிக்கும்போது திரும்பப் பாய்ச்சுவோம். சதையும் அப்படித்தான். தூக்கும்போது அது வளர்றதில்லை, ஓய்வுலதான் வளருது. நெஞ்சுக்கு வாரம் ரெண்டு நாள் போதும், நடுவுல ரெண்டு நாள் இடைவெளி வேணும். நல்ல தூக்கமும் வேணும்.

நகரத்து நண்பர்களுக்கு ஒண்ணு சேத்துச் சொல்றேன். எங்க பசங்களுக்கு இழுக்கிற வேலை காட்டுலயே கிடைக்குது. நீங்க கம்ப்யூட்டர் முன்னால தோள் குறுகி உக்காந்திருக்கீங்க. தள்ளுற பயிற்சி எவ்வளவோ அவ்வளவு இழுக்கிற பயிற்சியும் செய்யுங்க. வெறும் நெஞ்சை மட்டும் ஏத்தினா தோள் இன்னும் முன்னால மடங்கும்.

மூணாவது பொறுமை. முதல் மூணு நாலு வாரத்துல பலம் கூடும், கண்ணாடியில ஒண்ணும் தெரியாது. அது நரம்பு வேலை கத்துக்கிற காலம். பயறு முளைக்கும்போது முதல்ல வேர்தானே இறங்குது? கண்ணுக்குத் தெரிய ரெண்டு மூணு மாசம் ஆகும். ஊசிக்காரன் புகுந்துக்கிறது இந்த இடைவெளியிலதான்.

இப்போ சாப்பாட்டுக் கணக்கு. சதை ஏத்துறவனுக்கு உடம்பு எடையில கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் போதும். 60 கிலோ பையனுக்கு நாளைக்கு 96 கிராம். நாலு முட்டையில 24, அரை லிட்டர் பால்ல 16, 50 கிராம் மீல்மேக்கர்ல 25, 50 கிராம் வேர்க்கடலையில 12. மிச்சம் சோறும் பருப்புமே குடுத்துடும். பவுடர் விஷம்னு நான் சொல்லலை. பாலைத் திரிச்சா பிரியற தண்ணியிலேருந்து எடுக்கிறதுதான் அது. ஆனா எங்க அக்கா வீட்டுப் பால் லிட்டர் 35 ரூபாய்ச் சொச்சத்துக்குப் போகுது. டப்பா கிலோ 2,800 ரூபாய். ஒரு டப்பாவுக்கு 80 லிட்டர் பால் ஊத்தணும். பாலை வித்து, பால் தண்ணியை வாங்குற வியாபாரம் இது. ஒரு கரண்டிப் பவுடர்ல இருக்கிற புரதம் நாலு முட்டையில இருக்கு, விலை மூணுல ஒரு பங்குதான்.

ஊசி விஷயத்துல சமரசமே கிடையாது. வெளியிலேருந்து ஆண் ஹார்மோனைப் போட்டா, உடம்பு தன் சுரப்பை நிறுத்திக்கும். விதை சுருங்கும், பிள்ளைப்பேறு பாதிக்கும், இதயமும் கெடும். மாத்திரையா விழுங்கினா கல்லீரலும் போகும். வளர்ற வயசுல போட்டா உயரமே நின்னுடலாம். டாக்டர் நோய்க்கு எழுதித் தரவேண்டிய மருந்தை, ஜிம்முல எவனோ அளவு சொல்லிப் போடறான். பயிருக்கு ஒரே நாள்ல மூட்டை மூட்டையா யூரியா கொட்டினா பச்சையாத்தான் நிக்கும். பூச்சி வந்து ஒரு காத்தடிச்சா சாயற அன்னிக்குத்தான் தெரியும்.

"பசங்க ஏதோ தூக்கறாங்க"ன்னு பெரியவங்க ஒதுங்கினா, சொல்லிக்குடுக்கிற வேலையை டப்பா விக்கிறவன் எடுத்துக்கறான். என் அக்கா மகன்கிட்ட இந்தக் கணக்கை நோட்டுல எழுதியே காட்டினேன். இப்போ திண்ணைத் தண்டால் 12 வந்திருக்கு. முட்டை எங்க வீட்டுக் கோழிது.