பாம்பைக் கடிக்கும் சிற்றுண்ணியும் மலிவு விலை வியாபாரமும்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். அந்தப் பாம்பையே தண்ணீர்க் கிண்ணத்துக்குள் போய் ஒளிந்துகொள்ள வைக்கிற ஒரு ஜீவன் இருக்கிறது. நன்றாக இரத்தம் குடித்துக் கொழுத்தபிறகும் ஒரு மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். பார்த்தால் மிளகுத்தூள் தூவின மாதிரி இருக்கும். பெயர் பாம்புச் சிற்றுண்ணி (சிற்றுண்டி அல்ல!). விஞ்ஞானப் பெயர் ஓபியோநைசஸ் நேட்ரிசிஸ். தெருநாயின் காதில் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்குமே உண்ணி, அதற்கு இது தூரத்துச் சொந்தம்.

அமெரிக்கா, இங்கிலாந்து, ஜெர்மனி போன்ற நாடுகளில் நாய், பூனை வளர்ப்பது மாதிரி பாம்பு வளர்ப்பதும் ஒரு பொழுதுபோக்கு. அதிகம் விற்பது மேற்கு ஆப்பிரிக்காவின் பால் பைத்தான். (பாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும், அதனால் இந்தப் பெயர்.) அங்கே பாம்பு வளர்ப்பவர்களின் வயிற்றில் புளியைக் கரைப்பது இந்தச் சிற்றுண்ணிதான். பாம்பின் மேல் கறுப்புப் புள்ளி நகர்வதைப் பார்த்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "என்ன மருந்து அடிக்கலாம்?"

கேள்வி தப்பில்லை, ஆனால் தாமதமானது. உண்மையில் இது மருந்துப் பிரச்சினையைவிட வியாபாரப் பிரச்சினை. யாரோ ஒருவர் மிச்சம் பிடித்த செலவை இன்னொருவர் தலையில் கட்டியதன் விளைவு இது. ஏன் என்று புரிய, முதலில் அந்தப் பூச்சி எப்படி வாழ்கிறது என்று தெரியவேண்டும்.

சிற்றுண்ணிக்கு முட்டையிலிருந்து முதிர்ச்சி வரை ஐந்து பருவங்கள். அதில் இரண்டு பருவங்களில் மட்டும்தான் அது இரத்தம் குடிக்கிறது. மற்ற நேரங்களில் பாம்பின் மேல் இருக்கவேண்டிய அவசியமே அதற்கு இல்லை. வயிறு நிரம்பியதும் இறங்கிப்போய் பெட்டியின் மூலை, மரத்துண்டின் பிளவு, மூடியின் இடுக்கு என்று இருட்டும் ஈரமும் உள்ள இடமாகப் பார்த்து முட்டையிடும். ஒரு பெண் உண்ணி தன் ஆயுளில் 60 முதல் 80 முட்டைகள் வரை இடும். 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அந்த முட்டைகள் இரண்டு மூன்று வாரத்தில் முழு உண்ணிகளாகிவிடும். பாம்புக்குச் சுகமான வெப்பமும் இதேதான் என்பதுதான் கொடுமை. வளர்ப்பவர் தன் பாம்புக்காக மின்சாரச் செலவு செய்து உண்ணிக்கும் சேர்த்து வசதி செய்து கொடுக்கிறார்.

பாதிப்பும் சாதாரணமில்லை. கண்ணைச் சுற்றியும், தாடைக்கு அடியிலும், செதில்களுக்கு இடையிலும் புகுந்து குடிக்கும். குட்டிப் பாம்புகளுக்கு இரத்தசோகை வரும். சட்டை சரியாகக் கழலாது. இரை எடுக்காது. ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியாவை ஒரு பாம்பிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவதாகவும் இதன்மேல் குற்றச்சாட்டு உண்டு. அரிப்புத் தாங்காமல்தான் பாம்பு நாள் முழுக்கத் தண்ணீரில் கிடக்கிறது. அப்போதும் தண்ணீருக்கு வெளியே இருக்கும் தலையில் உண்ணிகள் ஏறிக்கொள்ளும்.

ஆகவே பாம்பை மட்டும் குளிப்பாட்டி, மருந்து தடவி, அதே பெட்டியில் திரும்ப விடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போல. முதலில் பெட்டியைக் காலி செய்யவேண்டும். தரையில் போட்ட மரத்தூளை, தேங்காய் நாரை ஒரு பையில் கட்டி வீட்டுக்கு வெளியே போடவேண்டும். பெட்டியைக் கொதிக்கிற சூட்டில் வெந்நீர் விட்டுக் கழுவவேண்டும். அப்புறம் தரையில் வெறும் வெள்ளைக் காகிதம், ஒரு தண்ணீர்க் கிண்ணம், தூக்கிப்போடக்கூடிய ஒரு அட்டைப்பெட்டி, இவ்வளவே போதும். வெள்ளைக் காகிதத்தில் கறுப்புப் புள்ளி பளிச்சென்று தெரியும். அந்த அறையில் உள்ள எல்லாப் பாம்புக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை நடக்கவேண்டும். பொதுவாக மருந்துகள் உயிருள்ள உண்ணியைக் கொல்லுமே தவிர முட்டையை அழிப்பதில்லை. அதனால் புதிதாகப் பொரிப்பவற்றையும் பிடிக்க ஒரு மாதமாவது திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். ஒரு வாரம் எதையும் காணவில்லை என்று நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம் தோற்கிறார்கள்.

மருந்திலும் ஆபத்து இருக்கிறது. பெர்மெத்ரின் தெளித்தால் நன்றாகக் காய்ந்து காற்று போனபிறகே பாம்பை உள்ளே விடலாம். ஐவர்மெக்டின் அளவு மீறினால் பாம்புக்குக் கெடுதல், ஆமைக்கு உயிருக்கே உலை. ஒரே அறையில் பாம்பும் ஆமையும் வைத்திருப்பவர் ஒன்றுக்கு வாங்கியதை இன்னொன்றுக்கும் கொடுத்தால் கதை முடிந்தது. முன்பெல்லாம் டைக்ளோர்வாஸ் பட்டைகளைப் பாம்பு அறையில் தொங்கவிடுவார்கள். அது நரம்பைத் தாக்கும் விஷம். இந்தியாவில் 2020 டிசம்பர் 31 முதல் அதற்கு முழுத்தடை. சிலர் முள்ளை முள்ளால் எடுக்கிற மாதிரி, பாம்பைத் தொடாமல் உண்ணியை மட்டும் தின்னும் ஸ்ட்ராட்டியோலேலாப்ஸ் என்ற மண் உண்ணியை விடுகிறார்கள். எதுவானாலும் ஊர்வன தெரிந்த கால்நடை மருத்துவரைக் கேட்டுச் செய்வதே நல்லது. மலிவாக வாங்கிய பாம்பின் விலையைவிட அவருடைய பில் பெரும்பாலும் அதிகமாக இருக்கும்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. இவ்வளவு தொல்லையையும் தவிர்க்க ஒரு வழி எல்லோருக்கும் தெரியும். புதிதாக வந்த பாம்பை 60 முதல் 90 நாள் தனி அறையில், தனிப் பாத்திரத்தோடு வைத்துக் கவனிப்பது. அதன் வேலையைக் கடைசியில் பார்த்துவிட்டுக் கை கழுவிக்கொள்வது. விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. ஆனால் வியாபாரிக்கு 90 நாள் என்பது 90 நாள் இடம், தீனி, ஆள்கூலி, முடங்கிக்கிடக்கும் முதல். இதையெல்லாம் செய்பவர் விலையைக் கூட்டித்தான் விற்கவேண்டும். செய்யாதவர் குறைத்து விற்கலாம். இடுக்கில் இருக்கும் முட்டை வாங்குபவரின் கண்ணுக்குத் தெரியாது, விலைச்சீட்டு மட்டும் தெரியும்.

ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார நிபுணர் 1970ல் பழைய கார் சந்தையை வைத்து இதைத்தான் எழுதினார். அமெரிக்காவில் ஓட்டைக் காருக்கு 'லெமன்' என்று செல்லப்பெயர். வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லா வண்டிக்கும் ஒரே சுமாரான விலைதான் தருவார். நல்ல வண்டி வைத்திருப்பவர் கட்டுப்படியாகாமல் ஒதுங்குவார், ஓட்டை வண்டிதான் சந்தையில் மிஞ்சும். இதற்காக அவருக்கு 2001ல் நோபல் பரிசு கிடைத்தது. கார் என்று இருக்கும் இடத்தில் பாம்பு என்று போட்டுப் படித்தால் பாம்புச் சந்தை வந்துவிடும்! ஒரு வித்தியாசம், கார் வலியில் துடிக்காது.

"பெரிய வளர்ப்பாளர்கள் அப்படி இல்லையே" என்று சொல்லலாம். நியாயம்தான். அடுக்கடுக்கான இழுப்பறைகளில் நூற்றுக்கணக்கில் பாம்பு வைத்திருப்பவருக்கு ஒன்றில் உண்ணி வந்தால் எல்லாவற்றிலும் வரும். அவர் தன் லாபத்துக்காகவாவது கவனமாக இருப்பார். ஆனால் பாம்பு அவரிடமிருந்து நேராக வீட்டுக்குப் போவதில்லை. பத்து இடத்தில் வாங்கி ஒரே அறையில் வைத்து ஒரே வாரத்தில் தள்ளிவிடும் இடைத்தரகர் இருக்கிறார். ஜெர்மனியின் ஹாம், அமெரிக்காவின் டின்லி பார்க் மாதிரி இடங்களில் நடக்கும் பெரிய கண்காட்சிகளில் ஒரு மேஜையில் பாம்பைத் தூக்கிப் பார்த்த கை அடுத்த மேஜைப் பாம்பையும் தூக்கும். சட்டைக் கையில் ஒரு உண்ணி ஒட்டினால் போதும். வளர்ப்பாளர் செய்த அத்தனை சுத்தமும் அந்த ஒரு நாளில் வீண்.

இந்தக் கதையின் இன்னும் மோசமான அத்தியாயம் தமிழ்நாட்டு விமான நிலையங்களில் நடக்கிறது. 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி வந்த ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் இருந்தன. ஒரே பெட்டியில் 47! இப்படி வருவதற்கு எந்தத் தனிமைப்படுத்தலும் இருக்க முடியாது. இந்தியப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பது 1972ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சைட்டிஸ் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர் 2022ம் வருடத் திருத்தத்தின்படியும் 2024ல் வந்த விதிகளின்படியும் பதிவு செய்யவேண்டும். பால் பைத்தானும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கடத்தி வந்த பாம்பைத் திருட்டுத்தனமாக வாங்கியவர், அதற்கு உண்ணி வந்தால் மருத்துவரிடம் கொண்டுபோகவே பயப்படுவார். கடைசியில் வீட்டில் இருக்கும் கரப்பான் மருந்தை அடிப்பார். சாவது பாம்பு.

ஆகவே வாங்குகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கவேண்டும்: "இந்தப் பாம்பு உங்களிடம் எத்தனை நாளாகத் தனியாக இருந்தது?" பதில் சொல்லத் தயங்குபவரிடம் வாங்கக்கூடாது. தெளிவாகப் பதில் சொல்பவர் கூடுதல் விலை கேட்டால் பேரம் பேசாமல் கொடுக்கலாம், அந்தப் பணம் மூன்று மாதக் கவனிப்புக்கான கூலி. வீட்டுக்கு வந்தபிறகும் தனியாக வைக்க ஒரு அறை இல்லாதவர் இரண்டாவது பாம்பு வாங்க ஆசைப்படவே கூடாது. பூச்சி மருந்தின் பெயரைக் கேட்டுக் கடை கடையாக அலைவதைவிட இது சுலபம், செலவும் குறைவு. பாம்புக்கும் நிம்மதி :-)