மனச்சிதைவுக்கு மாத்திரை: டாக்டர் எதை வைத்து எழுதுகிறார்? சாப்பிடுபவரிடம் ஏன் கேட்க வேண்டும்?

மனநல ஓ.பி.-யில் அடிக்கடி நடக்கும் காட்சி இது. வெளியே நீளமான வரிசை. டாக்டர் முன்னால் உட்காரக் கிடைப்பது ஐந்தாறு நிமிடம். "தூங்குறாரா? சாப்பிடுறாரா? தனியா பேசுறது குறைஞ்சிருக்கா?" என்று மூன்று கேள்விகள். மூன்றுக்கும் பதில் சொல்வது அம்மா. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் 24 வயது மகனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. சீட்டு எழுதியாச்சு. "ஒரு மாசம் கழிச்சு வாங்க."

அந்தச் சீட்டில் இருக்கும் மாத்திரை அவரது எடையை, தூக்கத்தை, வேலைக்குப் போகும் தெம்பை, கல்யாண வாழ்க்கையைப் பல வருஷங்களுக்குத் தொடப்போகிறது. அதை முடிவு செய்யும்போது அவரிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? கேட்டே ஆக வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். மரியாதை என்பது ஒரு காரணம். மருந்து வேலை செய்யணும்னாலும் அதுதான் வழி.

மாத்திரை என்ன செய்கிறது?

ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு நோய், உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. யாரும் இல்லாதபோது குரல் கேட்பது, எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்வதாக நம்புவது ஆகியவை வெளியே தெரியும் அறிகுறிகள். பேச்சு குறைவது, குளிக்கக்கூட ஆர்வம் இல்லாமல் போவது ஆகியவை வெளியே அவ்வளவாகத் தெரியாதவை.

1952-ல் பாரிஸ் மருத்துவர்கள் குளோர்ப்ரோமசின் என்ற மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் இருந்து இந்த வரலாறு தொடங்குகிறது. அதன்பின் வந்த மாத்திரைகளில் பெரும்பாலானவை செய்யும் முக்கியமான வேலை ஒன்றுதான்: மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தின் சமிக்ஞையைத் தணிப்பது. இதனால் குரல்களும் சந்தேகங்களும் குறைகின்றன. ஆர்வமின்மைக்கு இவை அவ்வளவாக உதவுவதில்லை. "மாத்திரை சாப்பிட்டும் சும்மாவே படுத்திருக்கான், சோம்பேறி" என்று திட்டுவதற்கு முன் குடும்பம் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எந்த மாத்திரை என்பது எப்படி முடிவாகிறது?

"இவருக்கு இதுதான் கேட்கும்" என்று முன்கூட்டியே சொல்லும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றுவரை நடைமுறையில் இல்லை. க்ளோசபின் என்ற ஒரு மருந்தைத் தவிர்த்துப் பார்த்தால், மற்றவை குரல்களைக் குறைப்பதில் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லாதவை. பக்கவிளைவில்தான் பெரிய வித்தியாசம்.

• ஓலான்சபின்: பசி கூடும், எடை ஏறும், சர்க்கரை வரலாம்.
• ரிஸ்பெரிடோன்: சிலருக்கு மாதவிடாய் நின்றுபோகலாம், தாம்பத்திய ஈடுபாடு குறையலாம்.
• ஹாலோபெரிடால்: கை நடுக்கம், உடல் இறுக்கம் அதிகம்.
• அரிபிப்ரசோல்: எடை அவ்வளவாக ஏறாது. ஆனால் ஓர் இடத்தில் உட்கார முடியாத தவிப்பு சிலருக்கு வரும்.
• குவெட்டியாபின்: தூக்கம் அள்ளும்.

டாக்டர் பார்ப்பது இவற்றைத்தான்: முன்பு எது கேட்டது, வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருக்கிறதா, இதயக் கோளாறு, கர்ப்பம், விலை, அரசு மருந்தகத்தில் ஸ்டாக். எல்லாம் நியாயமான கணக்கு. ஆனால் எந்தப் பக்கவிளைவைத் தாங்க முடியும், எதைத் தாங்கவே முடியாது என்பது மருத்துவப் புத்தகத்தில் இருக்காது. காலை 8 மணிக்கு பைக் ஓட்டி வேலைக்குப் போகிறவருக்குத் தூக்கம் ஆபத்து. இரவெல்லாம் தூங்காதவருக்கு அதே தூக்கம் வரம். அதைச் சொல்ல வேண்டியவர் சாப்பிடப் போகிறவர்தானே?

டோஸ் ஏத்தினா சீக்கிரம் சரியாகுமா?

இல்லை. மூளை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியது இது: பெரும்பாலான இந்த மருந்துகள் டோபமைன் ஏற்பிகளில் சுமார் 65 முதல் 80 சதவீதத்தை அடைக்கும்போது பலன் கிடைக்கிறது. அதைத் தாண்டினால் பலன் பெரிதாகக் கூடுவதில்லை, இறுக்கமும் நடுக்கமும்தான் கூடுகின்றன. அதனால்தான் முதல்முறை நோய் வந்தவர்களுக்குக் குறைந்த அளவில் ஆரம்பிக்கிறார்கள். சரியான டோஸில் நான்கு முதல் ஆறு வாரம் பார்த்த பிறகுதான் "கேட்கவில்லை" என்று முடிவுக்கு வர முடியும்.

ஒரு மருந்து கேட்கவில்லை, இரண்டாவதும் கேட்கவில்லை என்றால்? மூன்றில் ஒருவர் அளவுக்கு இந்த நிலைக்கு வருகிறார்கள். இங்கேதான் க்ளோசபின் வருகிறது. 1975-ல் பின்லாந்தில் இதைச் சாப்பிட்டவர்களில் சிலர் ரத்த வெள்ளணுக்கள் சரிந்து இறந்ததால், பல நாடுகளில் ஒதுக்கப்பட்ட மருந்து இது. மற்ற மருந்துகள் கேட்காதவர்களுக்கும் இது கேட்கிறது என்று நிரூபணமான பிறகு, 1989-ல் அமெரிக்கா ரத்தப் பரிசோதனை நிபந்தனையோடு அனுமதித்தது. முதல் சில மாதங்கள் வாராவாரம் ரத்தம் எடுக்க வேண்டும் என்பதால் பலர் தயங்குகிறார்கள். அதற்குப் பதிலாக இரண்டாவது, மூன்றாவது மாத்திரை சீட்டில் ஏறிக்கொண்டே போகிறது. கேட்காத மருந்துகளை அடுக்குவதைவிட, பரிசோதனையை ஒழுங்காகச் செய்து க்ளோசபினை உரிய நேரத்தில் கொடுப்பதே நல்லது என்று வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. இந்தத் தயக்கத்தில் நோயாளிகள் இழப்பது வருஷங்களை.

"இப்போ நல்லாத்தானே இருக்கேன், நிறுத்தலாமா?"

2005-ல் வெளியான கேட்டி என்ற அமெரிக்க ஆய்வில் ஏறக்குறைய 1,500 பேர் பங்கேற்றனர். 18 மாதங்களுக்குள் 74 சதவீதம் பேரிடம், முதலில் தரப்பட்ட மருந்து தொடரவில்லை. பலன் போதவில்லை, பக்கவிளைவு தாங்கவில்லை, அல்லது அவர்களே வேண்டாம் என்றார்கள். ஆக, நிறுத்துவதை ஏதோ சில முரட்டு நோயாளிகளின் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் நிறுத்துவதற்கு விலை உண்டு. 2012-ல் லான்செட் இதழில் வந்த தொகுப்பாய்வின்படி, ஓர் ஆண்டுக்குள் நோய் திரும்பியது மருந்தைத் தொடர்ந்தவர்களில் 27 சதவீதம் பேருக்கு. வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 64 சதவீதம் பேருக்கு. இந்த எண்களை இரண்டு பக்கமும் படிக்க வேண்டும். மருந்து பெரிய பாதுகாப்பு. முழுப் பாதுகாப்பு கிடையாது. மருந்தில்லாமலும் சிலர் தாக்குப்பிடிக்கிறார்கள், ஆனால் அந்தச் சிலர் யார் என்று முன்பே சொல்ல முடியாது. முதல்முறை நோய் வந்து தெளிந்தவர் ஓரிரு வருஷமாவது தொடர வேண்டும், பலமுறை வந்தவர் இன்னும் நீண்ட காலம் என்பது பொதுவான அறிவுரை. நிறுத்தியே ஆகணும்னா டாக்டரிடம் சொல்லி, மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும்.

சாம்பாரில் கலக்கும் மாத்திரை

நம் ஊரில் பல வீடுகளில் நடப்பது இது. மகன் மறுக்கிறான், அம்மா பொடி செய்து சாப்பாட்டில் கலக்கிறார். 2002-லேயே சென்னை ஸ்கார்ஃப் அமைப்பின் மருத்துவர்கள் இதைப் பற்றி ஆய்விதழில் எழுதியிருக்கிறார்கள். அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த முறை அவன் வீட்டைவிட்டு ஓடிவிடக் கூடாதே என்ற பயம் அது. ஆனால் ஒருநாள் உண்மை தெரியும். "சாப்பாட்டுல ஏதோ கலக்குறாங்க" என்று பயந்துகொண்டிருந்தவருக்கு, அந்தப் பயம் உண்மையாகிவிடும். அதன்பின் யார் கொடுக்கும் சோற்றை அவர் நம்புவார்?

"தனக்கு நோயே இல்லைங்கிறவர்கிட்ட என்னத்தைக் கேட்கிறது?" என்ற கேள்வி நியாயமானது. அந்த மறுப்பே நோயின் ஒரு பகுதி. தீவிரமான கட்டத்தில் அவருக்காகப் பிறர் முடிவெடுக்க வேண்டிவரலாம். 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் அதற்கு இடம் தருகிறது. ஆனால் அந்தக் கட்டம் சில வாரங்கள்தான். சிகிச்சையோ பல வருஷங்கள். தெளிவாக இருக்கும் நாட்களில் பேசலாமே! மீண்டும் நோய் வந்தால் எப்படிச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கவும், தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் அதே சட்டம் உரிமை தருகிறது. தினமும் மாத்திரை பிடிக்காதவருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மாதம் ஒருமுறை போடும் ஊசிகளும் இருக்கின்றன.

அடுத்த முறை போகும்போது

நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. ஐந்து நிமிடத்துக்கு டாக்டரை மட்டும் பழி சொல்ல முடியாது. விளக்கிச் சொல்லும் வேலையைப் பயிற்சி பெற்ற நர்ஸ், சமூகப் பணியாளர் செய்யலாம். ஒவ்வொரு மாத்திரைக்கும் தமிழில் ஒரு பக்கத் தாள் அச்சிட்டுத் தரலாம். இதற்குப் பெரிய செலவில்லை, அரசு மனது வைத்தால் போதும்.

அதுவரை, இந்தக் கேள்விகளை போனில் குறித்துக்கொண்டு போங்கள்:

1. இந்த மாத்திரை எந்த அறிகுறிக்கு? எத்தனை வாரத்தில் வித்தியாசம் தெரியும்?
2. எந்தப் பக்கவிளைவு வரலாம்? எது வந்தால் உடனே வரணும்? (கடும் காய்ச்சலோடு உடல் விறைத்தால் காத்திருக்கக் கூடாது. க்ளோசபின் சாப்பிடுபவருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, கடும் மலச்சிக்கல் வந்தாலும் அப்படித்தான்.)
3. எடை, சர்க்கரை, கொழுப்பு இன்று பார்த்தாச்சா? அடுத்து எப்போது?
4. சிகரெட் பழக்கத்தை மறைக்காதீர்கள். புகை ஓலான்சபின், க்ளோசபின் அளவை ரத்தத்தில் குறைக்கும். திடீரென விட்டால் அளவு கூடும், டோஸை மாற்ற வேண்டிவரலாம்.

அவசரமாக யாரிடமாவது பேச வேண்டுமென்றால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

இன்னொன்று. டாக்டர் அறைக்குள் போனதும் முதல் கேள்விக்கான பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் பேசட்டும். அவர் வாயைத் திறக்க இரண்டு நிமிடம் ஆனாலும் பரவாயில்லை.