ஃபுல் பார் வேணாம், ஒரு ‘நலம்’ போதும்

ஒரு வயர்லெஸ் நெட்வொர்க் நல்லா இருக்குன்னு எதை வச்சு சொல்வீங்க? நம்மள்ல பத்து பேரைக் கேட்டா ஒன்பது பேர் ஸ்பீட் டெஸ்ட் ஆப்பைத் திறந்து காட்டுவோம். எத்தனை எம்பிபிஎஸ், எத்தனை பார், 4ஜியா 5ஜியா, இதுதான் நம்ம அளவுகோல்.

என் கருத்து வேற. சென்னை மாதிரி ஒரு ஊருக்கு முதல் மார்க் ரெண்டே கேள்விக்குத்தான். அனுப்பின மெசேஜ் போய்ச் சேர்ந்ததா? சேர்ந்துச்சுன்னு அனுப்பினவருக்குத் தெரிஞ்சதா? வேகம் எல்லாம் அதுக்கு அப்புறம். இந்த வரிசையை நாம தலைகீழா வச்சிருக்கோம், நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டும் சேர்த்துத்தான்.

2015 டிசம்பர் 1-ஐ நினைச்சுப் பாருங்க. அப்போ நாம ஸ்கூல்ல இருந்திருப்போம். செம்பரம்பாக்கத்துல இருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணி திறந்ததா அரசுக் கணக்கு. அடையாறு கரையைத் தாண்டி சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஜாஃபர்கான்பேட்டைன்னு வீட்டுக்குள்ள புகுந்துச்சு. கரன்ட் போச்சு. டவர்களுக்குக் கீழ இருந்த பேட்டரியும் ஜெனரேட்டரும் சில இடத்துல தண்ணிக்குள்ள, சில இடத்துல டீசல் தீர்ந்துபோய் நின்னுச்சு. 1878-ல ஆரம்பிச்ச ‘தி இந்து’ நாளிதழ், டிசம்பர் 2 அன்னைக்கு முதல் முறையா சென்னைல அச்சாகலை. அடுத்த வருஷம் டிசம்பர் 12-ல வர்தா. 2023 டிசம்பர்ல மிக்ஜாம். ஒவ்வொரு தடவையும் பல ஏரியாக்கள்ல ஃபோன் இருந்துச்சு, நெட்வொர்க் இல்லை.

அந்த நேரத்துல யாரும் ரீல்ஸ் பார்க்கணும்னு தவிக்கலை. “நான் நலம், மாடில இருக்கேன், தண்ணி வேணும்.” இவ்வளவுதான் தேவைப்பட்டுச்சு. இந்த ஒரு வரியைக் கொண்டுபோக எம்பிபிஎஸ் தேவையில்லை. விநாடிக்கு 1,200 பிட் போதும்.

அந்த 1,200 பிட்டுக்குப் பேர்தான் பாக்கெட் ரேடியோ. ஒரு 5 வாட் ஹேண்ட்ஹெல்ட் ரேடியோ, ஒரு பழைய லேப்டாப், நடுவுல ஒரு ஆடியோ கேபிள். லேப்டாப்ல டைப் பண்ற மெசேஜை சாஃப்ட்வேர் சத்தமா மாத்தும், ரேடியோ அதை அனுப்பும், அந்தப் பக்கம் இன்னொரு லேப்டாப் அதைத் திரும்ப எழுத்தா மாத்தும். டவர் வேணாம், சிம் வேணாம். ஹாம் ரேடியோக்காரங்க 1980கள்ல இருந்தே ஏஎக்ஸ்.25-ங்கிற புரோட்டோகால்ல இதைச் செய்றாங்க.

“பேசினாலே போதுமே, எதுக்கு டேட்டா?” நியாயமான கேள்வி. 2004 சுனாமி அப்போ பாரதி பிரசாத் உள்ளிட்ட ஹாம்கள் போர்ட் பிளேர்ல இருந்து பேசித்தான் செய்தியை வெளிய கொண்டுவந்தாங்க. அவசரத்துக்கு குரல் போதும். ஆனால் ஒரு முகாம்ல இருக்கிற 200 பேரோட பெயர், இனிஷியல், வார்டு நம்பரைக் கரகரப்புக்கு நடுவுல வாசிச்சுப் பாருங்க. பாக்கெட் அந்த லிஸ்ட்டை ஒரு எழுத்து மாறாம கொண்டுபோகும். மாறினா அதுவே கண்டுபிடிச்சு தூக்கிப்போட்டுட்டு மறுபடி கேட்கும்.

இது நமக்கு அந்நிய சரக்கும் இல்லை. 2009 ஏப்ரல் 20-ல பிஎஸ்எல்வி-சி12-ல போன அனுசாட்டை ஞாபகம் இருக்கா? 40 கிலோ எடை. இந்தியப் பல்கலைக்கழகம் ஒண்ணு உருவாக்கின முதல் சாட்டிலைட், நம்ம அண்ணா பல்கலைக்கழகத்தோடது. அதோட வேலையே மெசேஜை வாங்கி வச்சுக்கிட்டு, வேற இடத்துக்கு மேல வரும்போது கீழ அனுப்புறதுதான். அதாவது வானத்துல சுத்துற ஒரு பாக்கெட் ரேடியோ அஞ்சல்பெட்டி. சர்தார் பட்டேல் ரோட்டுல தினமும் பஸ்ல போறோம், இது நம்மள்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

எல்லாரும் ஒரே நேரத்துல பேசினா

சரி, சும்மா ரேடியோ வாங்கி மாடில வச்சா நெட்வொர்க் ஆயிடுமா? ஆகாது. இங்கதான் நாம படிச்ச படிப்புக்கு வேலை.

முதல் எதிரி தூரம் இல்லை, நெரிசல். 1971-ல ஹவாய் பல்கலைக்கழகத்துல நார்மன் ஆப்ரம்சன் குழு அலோஹாநெட்டை ஓடவிட்டாங்க. யாருக்குத் தோணுதோ அவங்க அனுப்பலாம், மோதினா கொஞ்சம் விட்டு மறுபடி அனுப்பணும். கணக்குப் போட்டா ஒரு சேனலோட நேரத்துல அதிகபட்சம் 18.4 சதவீதம்தான் உருப்படியா பயன்படும். நேரத்தை ஸ்லாட்டா பிரிச்சா 36.8. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு ரங்கநாதன் தெருல எல்லாரும் ஒரே நேரத்துல முன்னாடி தள்ளினா யாருமே நகர மாட்டாங்க இல்ல, அதே கதை.

“அப்போ அனுப்புறதுக்கு முன்னாடி சேனல் காலியான்னு கேட்டுட்டு அனுப்பலாமே?” கேட்கலாம், உங்களுக்குக் கேட்டா. மயிலாப்பூர்ல ஒரு உயரமான மாடில ஸ்டேஷன் இருக்குன்னு வச்சுக்கோங்க. தி.நகர்ல ஒருத்தர், அடையாறுல ஒருத்தர், ரெண்டு பேருக்கும் மயிலாப்பூர் நல்லா கேட்குது. ஆனால் நடுவுல இருக்கிற கட்டடங்களால அவங்க ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் கேட்கலை. ரெண்டு பேருமே ‘காலி’ன்னு நினைச்சு ஒரே நேரத்துல அனுப்புவாங்க. மயிலாப்பூர்ல ரெண்டும் மோதி ரெண்டும் போச்சு. இதுதான் ஹிடன் டெர்மினல் பிரச்சினை. செமஸ்டர்ல எட்டு மார்க்குக்கு எழுதிட்டு மறந்துபோனது.

இதுக்கு வழி இருக்கு. மயிலாப்பூர் ஸ்டேஷனை ஒரு ஃப்ரீக்வென்சில கேட்டு அதே நேரத்துல இன்னொண்ணுல திருப்பிச் சொல்ற ரிப்பீட்டரா மாத்தினா, தி.நகர் அனுப்புறது அடையாறுக்கும் உடனே கேட்கும், அடையாறு காத்திருக்கும். இன்னொரு வழி, “அனுப்பட்டுமா?”, “அனுப்பு”ன்னு முதல்ல ஒரு குட்டிப் பேச்சுவார்த்தை. 1990-ல ஃபில் கார்ன் என்ற ஹாம், பாக்கெட் ரேடியோவுக்காகத்தான் இதை ‘மாக்கா’ன்னு எழுதினார். பின்னாடி வைஃபை ஸ்டாண்டர்டுக்குள்ள வந்த ஆர்டிஎஸ்-சிடிஎஸ்-க்கு வேர் அங்கதான்.

இதுல எதுவும் பவரைக் கூட்டுறது இல்லைன்னு கவனிங்க. 5 வாட்டை 10 ஆக்கினா கிடைக்கிறது 3 டிபி. அதே ரேடியோவோட ஆன்டெனாவைக் கைல இருந்து மொட்டை மாடிக்கு ஏத்தினா பெரும்பாலும் அதைவிட அதிகமாவே கிடைக்கும், பேட்டரியும் மிச்சம். சத்தம் போடுறவன் ஜெயிக்கிற இடம் இல்லை இது, காது கொடுத்துக் கேட்கிறவன் ஜெயிக்கிற இடம்.

சின்னதா அனுப்பு, அடிக்கடி கேளு

ரெண்டாவது எதிரி, நம்ம பேராசை. ஏஎக்ஸ்.25-ல ஒரே ஒரு பிட் கெட்டாலும் முழு பாக்கெட்டும் குப்பைக்குப் போகும். 2,000 பிட்டுக்கு ஒண்ணு கெடுற ஒரு மோசமான லிங்க்கை எடுத்துக்கோங்க. 256 பைட் மெசேஜ், ஹெடர் எல்லாம் சேர்த்து சுமார் 276 பைட். அது முழுசாப் போய்ச் சேர வாய்ப்பு 33 சதவீதம். அதையே 64 பைட்டா நாலாப் பிரிச்சா ஒவ்வொண்ணும் 84 பைட், சேர வாய்ப்பு 71 சதவீதம். திரும்பத் திரும்ப அனுப்புறதையும் சேர்த்துக் கணக்குப் போட்டா, முதல் வழில சுமார் 830 பைட் காத்துல போகணும், ரெண்டாவதுல சுமார் 470. அதே ரேடியோ, அதே ஆன்டெனா, ஒரு செட்டிங்தான் மாறியிருக்கு. லிங்க் சுத்தமா இருந்தா பெரிய பாக்கெட்டே லாபம்தான். ஆனால் நாம பேசுறது டிசம்பர் மழை.

கெட்ட பிட்டைத் திருத்திக்கிற வசதியும் வந்தாச்சு. சிடியும் க்யூஆர் கோடும் கீறல் விழுந்தாலும் படிக்க முடியுதே, அதே ரீட்-சாலமன் கோடிங்கை ஏஎக்ஸ்.25 மேல போர்த்தினா அதுதான் எஃப்எக்ஸ்.25. பழைய ரிசீவருக்கும் புரியும். டயர்வுல்ஃப் என்ற இலவச சாஃப்ட்வேர்லயே இருக்கு.

மூணாவது, ஹாப். தி.நகர்ல இருந்து மெசேஜ் மூணு ஹாப் தாண்டிப் போகணும், ஒவ்வொண்ணும் 90 சதவீதம் நம்பகம்னு வைங்க. கடைசி வரை போய்ச் சேர 73 சதவீதம். ‘வந்துச்சு’ங்கிற பதில் அதே வழியில திரும்பணும்னா 53. பாதிக்குப் பாதி! ஆனால் ஒவ்வொரு ஹாப்பும் பக்கத்து ஸ்டேஷன்கிட்ட உறுதி வாங்கிட்டு, இல்லைன்னா தானே இன்னொரு தடவை அனுப்பினா 97 சதவீதத்துக்கு ஏறும். கடைசி ஆள் பதில் சொல்வார்னு காத்திருக்காம, ஒவ்வொருத்தரும் தன் பக்கத்துக்குப் பொறுப்பு எடுத்துக்கிறதுதான் ரகசியம்.

நாலாவது நம்ம பிரச்சினை, எந்த இங்கிலீஷ் டெக்ஸ்ட்புக்லயும் இருக்காது. ‘நான் நலம்’ என்பது யூடிஎஃப்-8-ல 25 பைட். ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூணு பைட், புள்ளிக்குத் தனியா மூணு. 1990கள் கடைசில தமிழ் மெயிலுக்காக உருவான திஸ்கி குறியீட்டுல இதுவே 7 பைட்தான். யூனிகோடு வந்ததும் திஸ்கியை மறந்துட்டோம், அது சரிதான். ஆனால் 1,200 பிட் ரேடியோவுக்கு அந்தச் சிக்கனம் திரும்பத் தேவை. தமிழ் மெசேஜை ரேடியோல ஏத்துறதுக்கு முன்னாடி சுருக்கி, இறக்கினதும் விரிக்கிற ஒரு குட்டி புரோகிராம். பைதான்ல ஒரு வார இறுதி வேலை. யாராவது பண்ணுங்களேன்.

இது தாத்தா காலத்து டெக்னாலஜி இல்லையா?

ஆமாம், பழசுதான். செல் பிராட்காஸ்ட் அலர்ட் வருதே, ஃபோனே அலறுதேன்னு கேட்பீங்க. அது ஒரு வழிப் பாதை, நீங்க பதில் சொல்ல முடியாது. சாட்டிலைட் ஃபோனுக்கு நம்ம நாட்டுல அரசு அனுமதி வேணும், எல்லார் கைலயும் இருக்காது.

பாக்கெட் ரேடியோ ஊருக்கே உதவும்னும் நான் சொல்லலை. 84 பைட் பாக்கெட் ஒண்ணுக்கு, ரேடியோ தயாராகிற நேரமும் சேர்த்து 0.9 விநாடி. சேனல்ல மூணுல ஒரு பங்கு நேரத்தை மட்டும் பயன்படுத்தி, அதுலயும் பாதியைப் பதில்களுக்கு விட்டாலும் ஒரு மணி நேரத்துக்கு 600-க்கு மேல மெசேஜ் போகும். ஒரு கோடிப் பேருக்கு இது பத்தாது. ஒரு வார்டுக்கு, சில முகாம்களுக்கு, ஒரு ஆஸ்பத்திரிக்குப் பத்தும். ஆளுக்கு ஒரு ‘நலம்’.

லைசென்ஸ் பெரிய தடை இல்லை. 12 வயசு ஆனாலே மத்திய அரசோட ஹாம் தேர்வு எழுதலாம், ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் கோட் தேவையில்லை. ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க, ஹாம் பேண்டுல மெசேஜை என்கிரிப்ட் பண்ணக் கூடாது, யார் வேணும்னாலும் படிக்கலாம். லைசென்ஸ் வர்ற வரைக்கும் 865–867 மெகாஹெர்ட்ஸ் இருக்கு. குறைஞ்ச பவர் கருவிகளுக்கு 2005-லயே லைசென்ஸ் விலக்கு கொடுத்தாச்சு. லோரா மாட்யூல் வச்சு அங்க ஆரம்பிக்கலாம். அங்கயும் அதே பாடம்தான். எஸ்எஃப்12-ல வச்சா தூரம் அதிகம், ஆனால் விநாடிக்கு 293 பிட்தான். எஸ்எஃப்7-ல 5,470. எல்லாரும் ‘எனக்கு ரேஞ்ச் வேணும்’னு 12-ல உட்கார்ந்தா காத்து முழுக்க நெரிசல், யாருக்கும் ரேஞ்ச் இல்லை.

இப்போ நம்ம விஷயம். வருஷா வருஷம் இசிஇ, சிஎஸ்ஈ, ஐடி எல்லாத்துலயும் வயர்லெஸ் நெட்வொர்க் ப்ராஜெக்ட் குவியுது. பெரும்பாலும் என்எஸ்-2, என்எஸ்-3, மேட்லாப். சிமுலேஷன்ல மழை பெய்யாது, கரன்ட் போகாது, பக்கத்து வீட்டுக்காரர் ஆன்டெனாவைக் கழட்டி வைக்க மாட்டார். கிராஃப் அழகா மேல ஏறும், வைவா முடியும், ரிப்போர்ட் லைப்ரரில தூங்கும்.

சிமுலேஷன் வேணாம்னு சொல்லலை. அதோட நிறுத்தாதீங்கன்னு சொல்றேன். மயிலாப்பூர்ல ஒரு மாடி, தி.நகர்ல ஒரு மாடி, அடையாறுல ஒரு மாடி. மூணு டீம் மெம்பர் வீடு போதும். ஒவ்வொரு இடத்துலயும் ஒரு நோட், ஒரு 12 வோல்ட் பேட்டரி. அக்டோபர்ல ஆரம்பிச்சு டிசம்பர் வரை ஓடட்டும். எத்தனை அனுப்பினோம், எத்தனை சேர்ந்துச்சு, எத்தனைக்குப் பதில் வந்துச்சு, எத்தனை தடவை திரும்ப அனுப்ப வேண்டி வந்துச்சு, நாலே நாலு எண். வாரத்துக்கு ஒரு தடவை வேணும்னே ப்ளக்கைப் பிடுங்கிப் பாருங்க. தோத்த நாளையும் சேர்த்து எழுதுங்க. இந்த ஊர்ல மழைல எந்த லிங்க் எவ்வளவு தாங்கும்ங்கிற கணக்கு, ஒரு அழகான சிமுலேஷன் கிராஃபைவிட அடுத்த பேட்ச்சுக்கு ரொம்ப உபயோகம்.

நெட்வொர்க் விழுந்த அன்னைக்கு உட்கார்ந்து இதைக் கட்ட முடியாது. வெயில் அடிக்கும்போதே கட்டணும். ப்ராஜெக்ட் டைட்டில் கொடுக்கிற கடைசி தேதி வர்றதுக்கு முன்னாடி உங்க டீம்ல ஒரு தடவை பேசிப் பாருங்க. மொட்டை மாடி யார் வீட்டுல இருக்குன்னு முதல்ல கேளுங்க.